முப்பத்தோராம் நாள் தாடி

கோண்டாவில் பஸ் டிப்போவில் பதினேழு ஆண்டுகள் ரைம்கீப்பராக இருந்தவர் இராஜரட்ணம். புறப்படவேண்டிய நிமிடத்துக்கு முன்னர் ஒரு பஸ்ஸையும் அவர் போகவிட்டதில்லை. அந்த நிமிடம் வந்தபின் எவருக்காகவும் நிறுத்திவைத்ததுமில்லை. வெற்றிலைக் கடையில் நின்றபடி கையை உயர்த்திக் காட்டிய பெரிய உத்தியோகத்தர் ஒருவரை விட்டுவிட்டு விசிலை ஊதினார் என்று டிப்போவில் நெடுங்காலம் பேசிக்கொண்டார்கள். சாரதிமார் அவருக்கு வைத்த பட்டம் ‘மணிக்கூட்டு முள்ளு’.

1990ஆம் ஆண்டு மனைவி புனிதவதியுடனும் மகள் சாம்பவியுடனும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த அவர், வெக்ஸ்போர்ட்டில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலையில் அமர்ந்தார். ஒழுகும் குழாய், இறுகிய பூட்டு, குளிர்காலத்தில் சூடேறாத அறை ஆகியவை அவர் பொறுப்பு. சட்டைப் பையில் ஒரு சிறிய கொப்பி வைத்திருந்தார். எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு முறைப்பாடு வந்தது, எத்தனை மணிக்குத் திருத்தி முடிந்தது என்ற இரண்டும் அதில் ஒரே வரியில் இருக்கும். முடிந்த நேரம் எழுதப்படாத வரி அந்தக் கொப்பியில் இரண்டு நாள் தங்கியதில்லை.

1996 மே மாதம் இருபதாம் திகதி, திங்கட்கிழமை காலை, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தார். தந்தையார் காலமாகிவிட்டார். இராஜரட்ணம் ஒரே மகன். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு ஆண்டுகள் ஆகியும் நிரந்தர வதிவிடப் பத்திரம் அவருக்கு வந்துசேரவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரும் வழி இல்லை. மறுநாள் அங்கே தங்கையின் கணவர் கொள்ளி வைத்தார். இங்கே இராஜரட்ணம் குளியலறையில் மீசையும் தாடியும் மழித்து, தலையில் தண்ணீர் வார்த்து, சுவாமிப் படத்தின் முன் நின்று, சிறு வயது முதல் நாள்தோறும் பாடிவந்த பதிகத்தைத் தொடங்கினார். மூன்றாம் பாட்டின் இரண்டாம் அடி வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றுபோயிற்று. மேலே பாடாமல் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

முப்பத்தோராம் நாள், மரணத் துடக்கைக் கழிக்கும் அந்தியேட்டிக் கிரியை. அதுவரைக்கும் சவரம் இல்லை. கிரியையை நடத்தவேண்டிய குருக்கள் தொலைபேசியில் கலந்து பேசினார்.

“முப்பத்தொண்டு புதன்கிழமையெல்லே வருது, இராசரத்தினம். ஜூன் பத்தொன்பது. புதனிலை எனக்குப் பின்னேரம் பக்டரி வேலை. சனமும் வேலைக்குப் போகுங்கள். இருபத்துமூண்டு, ஞாயிறு வைப்பம். இஞ்சை எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம்.”

“சரி, ஐயா” என்றார் இராஜரட்ணம். அன்று அவருக்கு எதையும் மறுத்துப் பேசும் மனநிலை இல்லை. புனிதவதி ஞாயிற்றுக்கிழமைக்கு அறுபது பேரை அழைத்தார். பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிப் போயிருந்த அவருடைய தம்பி குடும்பமும் அதில் அடக்கம்.

மே முப்பதாம் திகதி, மாலை நான்கு பத்துக்கு, கீழ்த்தளத்தில் 104ஆம் இலக்க வீட்டிலிருந்து சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று முறைப்பாடு வந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அங்கே இருபது ஆண்டுகளாகத் தனியே குடியிருந்தவர் தூரே எக்மார்க் என்ற சுவீடன் நாட்டுக் கிழவர்; எழுபத்தொன்பது வயது; நெடிய உருவம்; ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. வடக்குப் பார்த்த பெரிய யன்னலுக்கு எதிரே, சுவரை முழுதும் அடைத்தபடி ஒரு கன்வஸ் சீலை நின்றது. மலை, பனி, கறுத்த வானம். நடுவில் ஒரு படைவீரன் இன்னொருவனை முதுகில் சுமந்து இறங்கி வருகிறான். நீலக் கோட்டும் பொத்தான்களும் கிழிந்த சப்பாத்தும் உயிரோடு இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சீலை.

இராஜரட்ணம் குழாயின் கீழே குனிந்து பார்த்து, வோஷர் தேய்ந்துவிட்டது என்று சொல்ல நிமிர்ந்தபோது, கிழவர் அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை நாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒன்பது.”

“எப்போது மழிப்பீர்கள்?”

“ஜூன் இருபத்துமூன்றில்.”

எக்மார்க் விரல்விட்டு எண்ணினார். பின்னர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். இருபது ஆண்டுகளாகத் தேடிய பொருள் குழாய் திருத்த வந்தவனின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று சொன்னார்.

அவர் சரித்திரப் படம் வரைபவர். அந்தப் படத்தின் கதையை அன்றே சொன்னார். 1719ஆம் ஆண்டு பிறந்தபோது, நோர்வேயிலிருந்து மலைகளைக் கடந்து ஊர் திரும்பிய சுவீடன் படை ஒன்று பனிப்புயலில் அகப்பட்டது. குளிர் தாங்காமல் துப்பாக்கிக் கட்டைகளையும் சறுக்கு வண்டிகளையும் எரித்துக் குளிர்காய்ந்தார்கள். சுமார் மூவாயிரம் பேர் உறைந்து இறந்தார்கள். அந்த மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் எக்மார்க். தம்பியைச் சுமந்துகொண்டு முதல் வீட்டை நோக்கி இறங்கும் ஒருவனை அவர் வரைந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் கத்தி படாத முகம் அவருக்கு வேண்டும். அதைச் சோம்பலினால் வளர்த்தவனாக இருக்கக்கூடாது.

“நான் கறுப்பு. அவர்கள் வெள்ளை” என்றார் இராஜரட்ணம்.

“நிறம் என் பெட்டியில் இருக்கிறது. தாடி என் பெட்டியில் இல்லை.”

இருபத்திரண்டாம் திகதி வரை, வேலை முடிந்து நாள்தோறும் இரண்டு மணி நேரம் வந்து நிற்பதாக இராஜரட்ணம் வாக்குக் கொடுத்தார். வெளிச்சம் போய்விடும் என்று கிழவர் அவசரப்படுத்தியதில் அன்று குழாய் திருத்தப்படவில்லை. கொப்பியில் அந்த வரி பாதியில் நின்றது.

சுமப்பதற்கு ஓர் உடல் வேண்டும். புனிதவதியின் சமையலறையிலிருந்து நாற்பது இறாத்தல் அரிசிப் பை ஒன்று 104க்குப் போயிற்று. அதற்குப் படத்தில் உள்ளதுபோன்ற நீலக் கோட்டு ஒன்றைச் சுற்றி, கயிற்றால் கட்டி, இராஜரட்ணத்தின் முதுகில் ஏற்றினார் எக்மார்க்.

“தகப்பன்ரை செத்தவீட்டுக்குப் போகேலாத மனிசன், முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரனுக்குத் துக்கம் காக்கப் போறார்” என்றார் புனிதவதி. “அந்த அரிசி ஞாயிற்றுக்கிழமைக்கு வேணும். சொல்லிப்போட்டன்.”

சாம்பவிக்குப் பதினேழு வயது. அவளுக்கு இது பெரிய வேடிக்கை. “அப்பா, யூ ஆர் எ மொடல். ஸ்கூல்ல சொன்னா ஒருத்தரும் பிலீவ் பண்ண மாட்டினம்.”

எக்மார்க் வேலை செய்யும் முறை மிக மெதுவானது. ஒரு மாலைக்கு இரண்டு அங்குலம். முதலில் நெற்றி, பிறகு மூக்கு, பிறகு வலக் கன்னம். பிடிக்காததைக் கத்தியால் சுரண்டிவிடுவார். கண்முன் இல்லாத ஒன்றையும் அவர் வரைவதில்லை. புகைப்படம் எடுத்துத் தருகிறேன் என்று சாம்பவி ஒரு நாள் கமராவுடன் வந்தாள். புகைப்படத்தில் எல்லா மயிரும் ஒரே நிறம் என்று சொல்லி, அவளுக்கு ஒரு பிஸ்கற் கொடுத்து அனுப்பிவிட்டார். அரிசிப் பையைச் சுமந்து நின்ற இராஜரட்ணத்துக்குப் பேச்சு வேலை இல்லை. சமையலறையில் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். நிமிடத்துக்குப் பதினெட்டுத் துளி. திருத்தப் போனால் வெளிச்சம் போகிறது என்று கிழவர் ஒவ்வொரு நாளும் தடுத்துவிடுவார்; அதுவும் அவரை உறுத்தியது.

ஜூன் பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை, கிழவர் தம் கதையைச் சொன்னார். ஸ்ரொக்ஹோமில் அவர் படித்த நாளில் சரித்திரப் படத்தின் காலம் முடிந்திருந்தது. தோழர்கள் அவரைக் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கவிடும் படங்களை வரைந்து பிழைத்தார்: அரசர்கள், முற்றுகைகள், கப்பல்கள். 1951இல் இதே மலையை, இதே வீரர்களை வரைந்து, சொந்த ஊரில் காட்சிக்கு வைத்தார். ஓவியக் கல்லூரி மாணவர்களை நிறுத்திவைத்து உடலை வரைந்தார்; தாடியை மனத்திலிருந்து வரைந்தார். பத்திரிகைகள் பாராட்டின. மூன்றாம் நாள் உழுது பிழைக்கும் ஒரு கிழட்டுக் கமக்காரன் வந்தான். அவன் முன்னோர் ஒருவன் அந்த மலையில் இறந்தவன். படத்தின் முன் அரை மணி நேரம் நின்றான்.

“போகும்போது ஒரு சொல் சொன்னான்” என்றார் எக்மார்க், தூரிகையைத் துடைத்தபடி. “‘இந்தப் பிள்ளைகள் போன ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்தவர்கள்’ என்றான். அவ்வளவுதான். வேறு எவருக்கும் அது தெரியவில்லை. அன்று மாலையே படத்தை இறக்கிவிட்டேன்.”

அடுத்த ஆண்டு கப்பலேறி ரொறன்ரோவுக்கு வந்தார். ஒரு கடையின் விலைப்பட்டியல் புத்தகத்துக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சோபாவும் மேசை விளக்கும் வரைந்தார். மனைவி இறந்தார். ஓய்வு பெற்றபின் அந்த மலையை மீண்டும் தொடங்கி, இரண்டு முறை கிழித்தெறிந்தார். இது மூன்றாவது. ஜூலையில் கண்ணில் அறுவைச் சிகிச்சை; அதன்பின் பார்வை எப்படி இருக்கும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

இராஜரட்ணம் வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரின் முன் நின்றார். மே இருபதிலிருந்து ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து எண்ணினார். முப்பத்தொன்று புதன்கிழமையில் வந்து நின்றது. ஞாயிறு முப்பத்தைந்து. மூன்று வாரமாகத் தெரிந்த கணக்குத்தான்.

“ஞாயிறு வேண்டாம். புதனே செய்வம்” என்றார்.

புனிதவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை. “அறுபது பேருக்குச் சொல்லியாச்சு.”

“அவை ஞாயிறு வரட்டும். வந்து சாப்பிடட்டும். கிரியை புதன்.”

“குருக்களே ஞாயிறெண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் என்ன, குருக்களுக்கு மேலையோ?”

“கட்டிலடியிலை நிக்கேல்லை. தோள் குடுக்கேல்லை. கொள்ளி மச்சான் வைச்சார். பதிகம் பாதியிலை மறந்துபோச்சு. எல்லாம் பிழைச்சுப்போச்சு, புனிதம். என்ரை கையிலை மிஞ்சினது நாள் ஒண்டுதான். அதையும் லீவு பாத்தோ வைக்கிறது?”

புனிதவதி உரித்த வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார். பிறகு, “அந்தக் கிழவனுக்கு வாக்குக் குடுத்தனீங்களெல்லே?” என்றார்.

“ஓம்.”

“அப்ப?”

“அதுதான் தெரியேல்லை.”

ஒரு வாக்கைக் காத்தால் மற்றொரு கடமை நான்கு நாள் பிந்தும். பிந்தினாலும் கேட்க ஆள் இல்லை, தந்தையாரும் கேட்கமாட்டார். கேட்பதற்கு எவரும் இல்லை என்பதுதான் அவரை வருத்தியது. ஆறு மணி பஸ்ஸை ஆறு நான்குக்கு விட்டால் பயணிகள் முறையிடாத காலைகளும் டிப்போவில் இருந்தன. அந்தக் காலைகளிலும் அவர் ஆறுக்கே விசில் ஊதியவர்.

ஞாயிறு காலை குருக்களை அழைத்தார். குருக்கள் பெருமூச்செறிந்தார். “நீர் விடமாட்டீர். சரி, புதன் ஒன்பது மணிக்கு வாறன். மூண்டு மணிக்கு ஷிப்ற். பன்னிரண்டுக்குள்ளை என்னை விட்டிட வேணும். சனம் இருக்காது, பாரும்.”

“சனம் தேவையில்லை, ஐயா.”

அன்று மாலை 104க்குப் போனார். அரிசிப் பையைத் தூக்குமுன்னர் விடயத்தைச் சொன்னார். படத்தில் வலக் கன்னம் முடிந்திருந்தது. இடப் பக்கம் கண்ணுக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

எக்மார்க் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது. “எனக்கு ஆறு நாள் இருக்கிறது என்றீர்கள். இப்போது இரண்டு நாள். இடக் கன்னமும் தாடையும் இரண்டு நாளில் வராது.”

“தெரியும். வாக்குத் தவறியது நான்தான்.”

“உங்கள் குருக்கள் ஞாயிறு சம்மதம் என்றாரா இல்லையா?”

“என்றார்.”

“உங்கள் கடவுள் நாட்காட்டி வைத்திருக்கிறாரா? நான்கு நாள் பிந்தியதை யார் பார்க்கப்போகிறார்?”

இராஜரட்ணம் தம் ஆங்கிலத்தில் சொற்களைத் தேடி அடுக்கிக்கொண்டு, “மிஸ்ரர் எக்மார்க், நீங்கள் படத்தை இறக்கியபோது அந்தக் கமக்காரன் ஊருக்குப் போய்விட்டான். பிறகு யார் பார்க்கப்போகிறார் என்று இறக்கினீர்கள்?” என்று கேட்டார்.

கிழவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இராஜரட்ணம் கதவுவரை போய்விட்டார்.

“பையைத் தூக்குங்கள்” என்றார் எக்மார்க், திரும்பாமலே. “வெளிச்சம் போகிறது.”

திங்களும் செவ்வாயும் இராஜரட்ணம் அரை நாள் லீவு எடுத்து நின்றார். கிழவருக்குப் பகல் சாப்பாடும் நின்றபடியே. புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சூரியன் எழும்போது, இராஜரட்ணம் கடைசி முறையாக அரிசிப் பையைத் தோளில் ஏற்றினார். ஏழரை மணிவரை எக்மார்க் வரைந்தார். இடக் கன்னத்தின் மேற்பாதி வந்தது. தாடை வரவில்லை. நாடியும் வரவில்லை.

“எட்டுக்குள் மழிக்கவேண்டும்” என்றார் இராஜரட்ணம்.

எக்மார்க் தூரிகையைக் கீழே வைத்தார். “போங்கள்” என்றார். கோபமில்லை, களைத்திருந்தார்.

ஒன்பது மணிக்கு, இராஜரட்ணத்தின் வீட்டுக் கூடத்தில், தளபாடங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கிரியை தொடங்கியது. குருக்கள், இராஜரட்ணம், புனிதவதி, பாடசாலைக்கு லீவு போட்ட சாம்பவி, நான்கே பேர். பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்து, பதிகம் பாடும்போது மூன்றாம் பாட்டின் இரண்டாம் அடியில் இராஜரட்ணம் மறுபடியும் நின்றார். குருக்கள் அந்த அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். இராஜரட்ணம் அதைப் பற்றிக்கொண்டு பதினொரு பாட்டையும் பாடி முடித்தார்.

அப்போது கதவைத் தட்டும் ஒலி கேட்டது. சாம்பவி திறந்தாள். தடித்த கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து எக்மார்க் நின்றார். கையில் வரையும் கொப்பி இல்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். தள்ளிவைத்த கதிரைகளில் ஒன்றில் அமர்ந்து, முடிவுவரை பார்த்தார்.

புனிதவதி வாழையிலை போட்டார். பருப்பும் பூசணிக்காயும் கத்தரிக்காயும் கிழவர் கரண்டியால் சாப்பிட்டார். இடையிடையே இராஜரட்ணத்தின் மழித்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் நாடியில் ஒரு பள்ளம் இருக்கிறது” என்றார் இறுதியில். “நான் நேராக இருக்குமென்று நினைத்திருந்தேன். மனத்திலிருந்து வரைந்திருந்தால் மறுபடியும் பிழைத்திருப்பேன்.”

“என்னவாம்?” என்று புனிதவதி கேட்டார்.

“அப்பான்ரை சின் பற்றிச் சொல்லுறார்” என்றாள் சாம்பவி.

எக்மார்க் தம் இடக் கையை முன்னே நீட்டி, எதிரே இல்லாத ஒருவனின் கழுத்தைச் சுற்றுவதுபோல் வளைத்தார். இரண்டு மூன்று விதமாக வளைத்துப் பார்த்தார். “சுமக்கப்படுகிறவனுக்கும் ஒரு கை இருக்கும். அண்ணனின் கழுத்தைக் கட்டியிருக்கும். கம்பளிக் கையுறை போட்ட கை. அது தாடையின் குறுக்கே வரும்” என்றார். “காணாததை வரைய வேண்டியதில்லை.”

“இனி யாருடைய கை வேணுமாம்?” என்றார் புனிதவதி சந்தேகத்தோடு. “செத்தவன்ரை கைக்கு என்ரை மனிசனை விடமாட்டன். துடக்கு இண்டைக்குத்தான் கழிஞ்சது.”

சாம்பவி மொழிபெயர்த்தாள். கிழவர் தலையை அசைத்து, அரிசிப் பையே போதும் என்றார்.

“சனிக்கிழமைக்குள்ளை தரவேணும்” என்றார் புனிதவதி. “ஞாயிறு அறுபது பேர்.”

வியாழனும் வெள்ளியும் அரிசிப் பைக்கு ஒரு கை முளைத்திருந்தது: கோட்டுக் கைக்குள் பழந்துணி அடைத்து, நுனியில் சாம்பல் நிறக் கையுறை கட்டிய கை. இராஜரட்ணம் மழித்த முகத்தோடு சுமந்து நின்றார். கிழவர் அந்த முகத்தைப் பார்க்காமல் கையுறையை மட்டும் வரைந்தார். சனிக்கிழமை மாலை கோட்டைக் கழற்றி, பையைத் தாமே கதவுவரை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஞாயிறு மதியம் அறுபது பேர் என்றது எழுபது பேராயிற்று. அரிசி போதுமானதாக இருந்தது. அஜக்ஸிலிருந்து வந்த மைத்துனர் இராஜரட்ணத்தைக் கண்டதும், “என்ன அத்தான், எங்களுக்கு முன்னமே வழிச்சுப்போட்டு நிக்கிறியள்? எல்லாரும் வரட்டுமெண்டு நிண்டிருக்கலாமெல்லே?” என்றார்.

“முப்பத்தோராம் நாள் வழிச்சனான்” என்றார் இராஜரட்ணம். “கையைக் கழுவிப்போட்டு இரும். சோறு ஆறுது.”

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, ஒரு புதிய வோஷருடன் 104க்குப் போய், தட்டிப் பார்த்துவிட்டுத் தம் சாவியால் திறந்தார். எக்மார்க் படத்தின் முன் கதிரையில் உறங்கிவிட்டிருந்தார். வீரன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வெளுத்த தோல், சிவந்த கண். ஆனால் வலக் கன்னத்தில் கறுப்பும் நரையும் கலந்து கிடந்த மயிரை இராஜரட்ணம் தம்முடையது என்று அறிந்தார். தாடை இருந்த இடத்தில் தம்பியின் கையுறை. எவரும் அங்கே ஒரு குறையைக் காணமாட்டார்கள்.

கிழவரை எழுப்பவில்லை. தண்ணீரை நிறுத்தி, குழாயைக் கழற்றி, வோஷரை மாற்றி, மீண்டும் பூட்டினார். ஏழு நிமிடம் ஆயிற்று. குழாயின் வாயில் விரலை வைத்து நனைகிறதா என்று பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து, மே முப்பதாம் திகதியின் வரியைத் தேடி, பாதியில் நின்ற இடத்தில் எழுதினார்: ஜூன் 24, 9.12, முடிந்தது.